மைனஸ் 40-இல் சிவப்புக் கரன்ட்: ஃபேர்பேங்க்ஸில் செடி எதனால் சாகிறது, எதனால் பிழைக்கிறது

அலாஸ்காவின் உள்நாட்டு நகரமான ஃபேர்பேங்க்ஸில் ஒரு சிவப்புக் கரன்ட் செடி பட்டுப்போனால் எல்லோரும் ஜனவரிக் குளிரைத்தான் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது தவறு. முழுதாக முதிர்ந்து உறங்கப் போன கரன்ட் தண்டு மைனஸ் 40 டிகிரியைத் தாங்கும். செடியைக் கொல்வது உறங்குவதற்கு முன்பும் விழித்த பின்பும் வரும் குளிர். செப்டம்பரில் இன்னும் பச்சையாக இருக்கும் கொழுந்தின் மேல் விழும் உறைபனி, பனிப்போர்வை இல்லாத நவம்பர் மண், பூத்து நிற்கும் மே மாத இரவு ஆகிய மூன்றும்தான் இங்கே தோட்டக்காரரின் எதிரிகள். இந்த ஆய்வு இந்த மூன்றையும், இவற்றுக்கு ஏற்பச் செடியை வளர்க்கும் முறையையும் பேசுகிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கேக்கில் போடும் குட்டிக் கறுப்பு உலர்திராட்சைக்கும் கடைகளில் கரன்ட் என்றே பெயர். அது திராட்சை. இங்கே பேசப்படுவது ரைபீஸ் பேரினத்துப் புதர்ச்செடி. இடுப்பு முதல் நெஞ்சு உயரம் வரை வளரும், முள் கிடையாது, இலை பருத்தி இலைபோல மூன்று அல்லது ஐந்து மடலாகப் பிரிந்திருக்கும். மணத்தக்காளியைவிடச் சற்றுப் பெரிய, உள்ளே விதை தெரியும்படி ஒளி ஊடுருவும் சிவப்புப் பழங்கள் சரம்சரமாகத் தொங்கும். நல்ல புளிப்பு.

இந்தச் செடி வடக்கை வீடாகக் கொண்டது. ரைபீஸ் ஸ்பிகாட்டம் என்ற உறவு இனம் நார்வேயின் ஆர்க்டிக் பகுதிவரை காட்டுச்செடியாக வளர்கிறது. அலாஸ்காவின் பிர்ச், ஸ்புரூஸ் காடுகளில் ரைபீஸ் டிரிஸ்டி என்ற காட்டுச் சிவப்புக் கரன்ட் தரையோடு படர்ந்து, தண்டு மண்ணைத் தொடும் இடமெல்லாம் வேர்விட்டுக் கிடக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை, டென்மார்க்கில் பிறந்த சார்லஸ் ஜார்ஜ்சனை 1898-இல் அலாஸ்காவுக்கு அனுப்பியது. அவர் சிட்காவில் தொடங்கி, 1906-இல் ஃபேர்பேங்க்ஸ் வரை சோதனைப் பண்ணைகளை அமைத்தார். ஆப்பிள் மரங்கள் திணறிய மண்ணில் கரன்ட் போன்ற புதர்ப்பழங்கள் நின்று காய்த்தன. ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இடமும் பருவமும்

ஃபேர்பேங்க்ஸ் ஏறக்குறைய 65 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. 1934 ஜனவரியில் இங்கே பதிவான குளிர் மைனஸ் 54 டிகிரி செல்சியஸ். ஜூலையின் சராசரி வெப்பம் 17 டிகிரி வாக்கில் இருக்கும். ஜூன் 21 அன்று பகல் 21 மணி 50 நிமிடம் நீளும். ஆண்டு முழுக்கச் சேர்ந்தாலும் மழையும் பனியும் சுமார் 28 சென்டிமீட்டர் நீர்தான், அதிலும் கணிசமான பங்கு ஜூலை, ஆகஸ்ட் மழை. செடி துளிர்த்துப் பூக்கும் மே மாதமும் ஜூன் தொடக்கமும் வறண்டவை. அக்டோபர் நடுவில் விழும் பனி ஏப்ரல் கடைசிவரை கிடக்கும்.

செடியின் நாட்காட்டி இப்படி ஓடும்: மே முதல் பாதியில் மொட்டு உடையும், மே கடைசியில் பூக்கும், ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் பழம் சிவக்கும், செப்டம்பரில் இலை கொட்டும். எல்லாமே ஏறக்குறைய நூற்றுப் பத்து நாளுக்குள் முடிய வேண்டும். பழம் விளைய இது போதும். தண்டு முதிர்வதற்குத்தான் சில வகைகளுக்கு நாள் போதாமல் போகிறது.

காரணம் பகலின் நீளம். பகல் குறையக் குறையத்தான் செடி வளர்ச்சியை நிறுத்தி, கொழுந்தை மரமாக்கி, மொட்டை மூடிக்கொள்கிறது. மினசோட்டா போன்ற 45 டிகிரி அட்சத்து ஊரில் ஆகஸ்ட் நடுவிலேயே பகல் 14 மணிக்கு வந்துவிடும். அதே நாளில் ஃபேர்பேங்க்ஸில் பகல் 16 மணிக்கு மேல். அது 14 மணிக்கு இறங்குவது செப்டம்பர் முதல் வாரத்தில், அதாவது முதல் உறைபனி வந்துவிட்ட அல்லது வாசலில் நிற்கும் நேரத்தில். தெற்கத்திச் செடிக்கு இந்த வெளிச்சம் "இன்னும் வளரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் தோட்டக்காரரும் ஜூலையில் தழைச்சத்தைக் கொட்டினால் செடிக்கு உறங்க வழியே இல்லை.

மே மாதத்துப் பரிசோதனை

பட்டுப்போன செடி எதனால் பட்டது என்பதைப் பனி உருகி இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கூர்கத்தி போதும். நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை பட்டையை நகத்தளவு சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை இருந்தால் உயிர், பழுப்பென்றால் சாவு.

நுனி 20, 30 சென்டிமீட்டர் மட்டும் பழுப்பாகி, கீழே பச்சையாக இருந்தால் அது முதிராத கொழுந்தைப் பனி தாக்கியது. குற்றவாளி ஜூலை உரம், ஆகஸ்ட் நீர், அல்லது பொருந்தாத வகை.

எல்லாத் தண்டும் ஒரே உயரத்தில், கோடு போட்டதுபோல, மேலே செத்துக் கீழே பிழைத்திருந்தால் அந்தக் கோடுதான் குளிர்காலத்துப் பனிமட்டம். அந்த வகைக்கு இந்த ஊர்க் காற்றுக் குளிரைத் தாங்கும் சக்தி இல்லை. உரத்தையும் நீரையும் மாற்றி இதைத் திருத்த முடியாது, வகையைத்தான் மாற்ற வேண்டும்.

மொட்டு உடைந்து, இலை விட்டு, ஜூன் தொடக்கத்தில் திடீரென்று வாடிச் சுருண்டால் தண்டில் சேமித்திருந்த நீரில் துளிர்த்த செடிக்குக் கீழே வேர் இல்லை என்று பொருள். அடிமண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். தரைமட்டத்தில் பட்டை வளையமாகக் கொறிக்கப்பட்டிருந்தால் வயல் எலி. பட்டை முழுதாக இருந்து வேர் கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து வந்தால் ஒன்று வேர் உறைந்து செத்தது, அல்லது பனி உருகிய நீரில் மூழ்கி அழுகியது. இரண்டையும் பிரித்தறிய இடத்தைப் பார்த்தாலே போதும். பள்ளமென்றால் நீர், மேடும் நடைபாதையும் என்றால் குளிர்.

நிறையப் பூத்து, காய் பிடிக்காமல் சரம் மொட்டையாக நின்றால் பூவைப் பனி தாக்கியிருக்கிறது. பூவின் இதழ் நன்றாகவே தெரியும். நடுவிலுள்ள சூலகத்தண்டு கறுத்திருக்கும். பூத்த மறுநாளே ஐந்தாறு பூவைப் பிய்த்துப் பார்த்தால் அந்த ஆண்டு விளைச்சல் தெரிந்துவிடும்.

இடம் தேர்வு

ஃபேர்பேங்க்ஸில் உயரம் என்பது வெப்பம். குளிர்ந்த காற்று கனமானது. காற்று அசையாத இரவுகளில் அது குன்றிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கில் குளம்போலத் தேங்கும். குளிர்காலத்தில் குன்றின்மேல் உள்ள வீட்டுக்கும் கீழே உள்ள வீட்டுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருப்பது இங்கே சாதாரணம். கோல்ட்ஸ்ட்ரீம் பள்ளத்தாக்கு போன்ற தாழ்நிலங்களில் ஜூனிலும் ஆகஸ்டிலும்கூட உறைபனி வரும். கரன்ட் சீக்கிரம் பூக்கும் செடி என்பதால் இந்த வித்தியாசம்தான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. சரிவின் நடுப்பகுதியே நல்ல இடம். சரிவின் அடியும், சரிவில் குளிர்காற்றைத் தடுத்து நிறுத்தும் அடர்வேலிக்கு மேல்பக்கமும் ஆகாது.

நிலத்தடியில் நிரந்தர உறைமண் இருக்கிறதா என்பதை மரங்களே சொல்லும். குட்டையான கறுப்பு ஸ்புரூஸும் கால் புதையும் பாசியும் இருந்தால் கீழே பனிக்கட்டி. வெள்ளை ஸ்புரூஸ், பிர்ச், ஆஸ்பென் செழித்த தென்சரிவு என்றால் பயமில்லை. ஐயமிருந்தால் மண் மிக ஆழமாக இளகியிருக்கும் செப்டம்பர் தொடக்கத்தில் ஒன்றரை மீட்டர் இரும்புக் கம்பியை இறக்கிப் பாருங்கள். ஒரு மீட்டருக்குள் கல்லில் இடித்ததுபோல நின்றால், பல இடங்களில் அதே ஆழத்தில் நின்றால், அது உறைமண். அங்கே பாசியை அகற்றி நட்டால் பனி உருகி நிலமே அமிழும். கரன்டுக்காக அந்த இடத்தைத் திறக்காதீர்கள்.

தென்சரிவு நல்லது, வீட்டின் தென்சுவர் கெட்டது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிச் சுவரோரம் நடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. மார்ச் மாதத்தில் வெயில் பனியில் பட்டுத் தெறித்துச் சுவரிலும் மோதித் தண்டைச் சூடேற்றும். பட்டைக்குள் சாறு அசையத் தொடங்கும். இரவில் மைனஸ் 25. பட்டை நெடுக்காக வெடிக்கும். கூடவே கூரையிலிருந்து சரியும் பனி தண்டை முறிக்கும்.

எந்த வகை

அலாஸ்காத் தோட்டங்களில் நெடுநாளாக நின்றவை ஹாலண்ட் லாங்பஞ்ச், ரெட் லேக் என்ற இரண்டு. ஹாலண்ட் லாங்பஞ்ச் நீண்ட சரமும் சற்று வெளிர்ந்த சிவப்பும் கொண்டது. ரெட் லேக் மினசோட்டா பல்கலைக்கழகம் 1933-இல் வெளியிட்டது. பழம் பெரியது, சரம் நீளம், பறிக்கச் சுலபம். மேலே சொன்ன பகல்நீளச் சிக்கலால் அதன் நுனி சில ஆண்டுகளில் கருகலாம். ஆனால் அடி பிழைத்து மீண்டுவிடும். பின்லாந்து, நார்வே வீட்டுத் தோட்டங்களின் பழைய வகையான ரெட் டச்சும் நம்பத்தக்கது. பழம் சிறியது, ஆனால் சளைக்காமல் காய்க்கும்.

நெதர்லாந்தின் யோங்க்ஹேர் ஃபன் டெட்ஸ் பட்டியல்களில் கண்ணைக் கவரும் வகை. ஆனால் அது எல்லாவற்றுக்கும் முன்னால் பூக்கிறது, உறைபனிப் பள்ளத்தில் அது தற்கொலை. மாறாக ரோவாடா தாமதமாகப் பூத்துப் பனியைத் தப்பித்தாலும் தாமதமாகவே பழுக்கும். ஐரோப்பாவில் அது நற்பண்பு, குறுகிய கோடையில் சுமை. முதல் செடிகளுக்கு மூன்றில் இரண்டு பழைய வகை, ஒன்று சோதனை என்பது எங்கள் பரிந்துரை. கரன்ட் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால் துணைவகை கட்டாயமில்லை.

ஒட்டுக்கட்டி மரம்போல் ஒற்றைத்தண்டில் நிறுத்திய கரன்டை வாங்காதீர்கள். அதன் தலை முழுதும் பனிமட்டத்துக்கு மேலே குளிரில் நிற்கும். தண்டு செத்தால் கீழிருந்து எழுவது வேர்க்கட்டையின் வேறு இனம். ஐரோப்பிய முறையில் ஒற்றைக் காலில் கிண்ண வடிவாக வளர்ப்பதும் இதே காரணத்தால் இங்கே பொருந்தாது. ஒரு கால் போனால் எல்லாம் போச்சு. அடியிலிருந்து பல தண்டு எழும் புதர் வடிவமே இந்த ஊருக்கு ஏற்றது.

நடவு

நடும் காலம் மே கடைசி வாரம் முதல் ஜூன் பத்து வரை. இலையுதிர்கால நடவு மிதமான நாடுகளுக்குச் சரி. இங்கே வேர் பிடிக்கும் முன் மண் உறைந்து, உறைமண் செடியையே மேலே தூக்கி எறிந்துவிடும்.

ஃபேர்பேங்க்ஸ் சுற்றுவட்டாரத்தின் மேட்டு மண் காற்று கொண்டுவந்து கொட்டிய மென்வண்டல். மாவுபோல நைசானது, மழையில் இறுகும், மக்கு குறைவு. வசந்தத்தில் அடிமண் உறைந்திருக்க மேல்மண் மட்டும் இளகுவதால் உருகிய நீர் கீழிறங்க வழியின்றிச் சேறாக நிற்கும். ஆகவே 20 முதல் 25 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தி, ஒரு மீட்டருக்குக் குறையாத அகலத்தில் தேவை. பாத்தி நீரையும் வடிக்கும், வெயிலில் சீக்கிரம் சூடும் ஆகும். ஆனால் அதைவிட உயரமாக, பலகை அடித்த பெட்டிப்பாத்தியாக்கினால் பக்கவாட்டிலிருந்து குளிர் புகுந்து வேரைக் கொல்லும். உயரம் கூடக்கூட நன்மை கூடாது.

குழி 45 சென்டிமீட்டர் அகலம், 35 ஆழம். எடுத்த மண்ணோடு நன்கு மட்கிய உரம் 10 கிலோ, எலும்புத்தூள் 100 கிராம் கலக்கவும். குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தை எடுக்கத் திணறும் என்பதால் அது வேருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மண்ணின் கார அமிலத்தன்மை 6 முதல் 6.5 வரை இருந்தால் சிறப்பு. விறகடுப்புச் சாம்பலை ஆண்டுதோறும் கொட்டும் வழக்கம் இதை 7-க்கு மேல் தள்ளி இலையை மஞ்சளாக்கும்.

நாற்றங்காலில் இருந்ததைவிட 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழமாக நடவும். புதைந்த தண்டுப்பகுதி வேர்விடும். அதைவிட முக்கியமாக, மண்ணுக்குள் இருக்கும் மொட்டுகள்தான் செடியின் காப்பீடு. மேலே எல்லாம் செத்தாலும் அவை எழும். நட்டதும் எல்லாத் தண்டையும் தரைக்கு மேல் 15 சென்டிமீட்டரில், இரண்டு மூன்று மொட்டு விட்டு வெட்டவும். மனம் வராது, ஆனால் வெட்டாத செடி முதல் குளிர்காலத்துக்குள் இரண்டு மெல்லிய குச்சியோடு போகும், வெட்டிய செடி ஐந்தாறு தண்டோடு போகும். செடிக்குச் செடி 1.2 முதல் 1.5 மீட்டர், வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர்.

உரம், நீர், மூடாக்கு

மூன்றாம் ஆண்டு முதல் வளர்ந்த செடிக்கு ஆண்டுக்கு 15 கிராம் தழைச்சத்து போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் பத்துப் பத்து சதவீதமுள்ள 10-10-10 கலவையில் அது 150 கிராம். மண் மேலே இளகியதும் மே முதல் பாதியில் ஒரே தவணையாக, தண்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வட்டமாகத் தூவவும். ஜூன் பிறந்தபின் தழைச்சத்து எந்த வடிவிலும் வேண்டாம், மீன் கரைசலும் கோழி எருவும் உட்பட. சாம்பல்சத்து தனியாகத் தேவைப்பட்டால் பொட்டாசியம் சல்பேட் வாங்குங்கள். கரன்ட் குளோரைடைத் தாங்காது, மியூரியேட் (பொட்டாசியம் குளோரைடு) போட்டால் இலையோரம் தீய்ந்துபோகும்.

வாரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் நீர் என்பது 1.2 மீட்டர் குறுக்களவுள்ள செடிக்கு 28 லிட்டர். மே, ஜூனில் இதைத் தவறாமல் தர வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் இங்கே உறைநிலையை ஒட்டிய குளிர்ச்சியில் வரும். அதை நேராக வேரில் விட்டால் கஷ்டப்பட்டுச் சூடான மண் மறுபடி குளிர்ந்துவிடும். கறுப்புப் பீப்பாயில் ஒரு நாள் வெயில்பட வைத்து ஊற்றவும். ஆகஸ்ட் நடுவில் நீரைக் குறைத்து, பழம் பறித்ததும் நிறுத்திவிடலாம். இலை கொட்டியபின் மண் தூசியாகக் காய்ந்திருந்தால் மட்டும் உறைவதற்கு முன் ஒருமுறை நனைக்கவும். காய்ந்த மண் ஈரமண்ணைவிட வேகமாகக் குளிரும்.

மூடாக்கு போடுங்கள் என்று எல்லா நூல்களும் சொல்லும். வெயில் ஊருக்குச் சரியான அறிவுரை அது. இங்கே மே மாதத்தில் வைக்கோல் மூடிய மண் வாரக்கணக்கில் உறைந்தே கிடக்கும். ஏப்ரல் கடைசியில் பழைய மூடாக்கை முழுதும் விலக்கி மண்ணைக் கறுப்பாக வெயிலுக்குக் காட்டவும். ஜூன் நடுவில், மண் சூடானபின், 5 சென்டிமீட்டர் மட்டும் போடவும். கரன்டின் வேர் மேலாகவே ஓடுவதால் களையைக் கொத்தி எடுக்காமல் கையால் பிடுங்குவது நல்லது.

பூவைக் காத்தல்

விரிந்த பூ மைனஸ் 2 டிகிரி வரைதான் தாங்கும். மே கடைசியில் சூரியன் நள்ளிரவை ஒட்டி மறைந்து மூன்றரை மணி வாக்கிலேயே எழுந்துவிடுவதால், ஆபத்து நேரம் இரவு இரண்டிலிருந்து விடியலை அடுத்த ஒரு மணி வரை. மாலை ஒன்பது மணிக்கே வானம் தெளிவாக, காற்று அசைவின்றி, வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே வந்திருந்தால் செடியை மூட வேண்டும். நெய்யாத வெள்ளைப் பனித்துணி இரண்டு டிகிரி கொடுக்கும், இரட்டையாகப் போட்டால் சற்றுக் கூடுதல். துணி தரைவரை வந்து ஓரமெல்லாம் கல் வைத்து அழுத்தியிருக்க வேண்டும். செடியின் தலையை மட்டும் குல்லாய்போல மூடினால் மண்ணின் சூடு அடியில் தப்பிவிடும், பயனில்லை. பாலித்தீன் தாள் பூவைத் தொட்ட இடமெல்லாம் பூ கருகும்.

காலையில் துணியை எடுக்க மறக்கக் கூடாது. பூச்சி வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே தேனீ வெளியே வராது. இங்கே வேலை செய்வது மயிர் அடர்ந்த பெருந்தேனீக்களும் (பம்பிள்பீ) ஈக்களும். குளிர்ந்த வாரத்தில் சரத்தின் அடிப்பூக்கள் காய்த்து நுனிப்பூக்கள் உதிர்ந்தால் அது பூச்சிக்குறையும் குளிரும் சேர்ந்த விளைவு, நோய் அல்ல.

கவாத்து

கரன்ட் தண்டின் வயதில்தான் விளைச்சல் இருக்கிறது. கறுப்புக் கரன்ட் ஓராண்டுத் தண்டில் காய்க்கும். சிவப்போ இரண்டாம், மூன்றாம் ஆண்டுத் தண்டில் உள்ள குட்டையான காய்ப்புக்கிளைகளிலும், ஓராண்டுத் தண்டின் அடிப்பகுதி மொட்டுகளிலும் காய்க்கும். கறுப்புக் கரன்ட் கவாத்தைப் பார்த்துச் சிவப்பை வெட்டியவர்கள் பெரும்பாலான சரங்களை இழப்பார்கள். நான்காம் ஆண்டுக்குமேல் பழம் சிறுத்துவிடும். வளர்ச்சி மெதுவான இந்த ஊரில் ஐந்தாம் ஆண்டுவரை ஒரு தண்டை வைத்திருப்பதில் தவறில்லை, அது திடமாக இருந்தால்.

நாடவேண்டிய நிலை: ஓராண்டுத் தண்டு மூன்று, ஈராண்டு மூன்று, மூவாண்டு மூன்று, கூட்டினால் ஒன்பது. ஒவ்வோர் ஆண்டும் மிகப் பழையது மூன்று தரைமட்டத்தில் போக வேண்டும், புதியதில் திடமான மூன்று நிற்க வேண்டும், மீதிப் புதுத்தளிர்கள் போக வேண்டும். கட்டைவிரல் உயர அடிக்கட்டைகூட விடாமல் மண்ணோடு ஒட்ட வெட்டவும். அடிக்கட்டை அழுகி உள்ளே நோயைக் கொண்டுபோகும். நுனிகளைக் கத்தரித்துப் புதரை உருண்டையாக்குவது கவாத்து அல்ல. அது உள்ளே வெளிச்சத்தை அடைத்துச் சாம்பல் நோயை அழைப்பதுதான்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. மொட்டு உடையும்முன் வெட்ட வேண்டும். ஏப்ரலில் அடி பனியில் புதைந்திருக்கும். பனி போய் மொட்டு உடைவதற்கு நடுவே கிடைப்பது பத்து நாள். அவசரத்தில் எது எந்த வயது என்று தெரியாமல் நல்ல தண்டை வெட்டிவிடுவது சகஜம். அதனால் செப்டம்பரிலேயே, இந்த ஆண்டு காய்த்தது எது என்று நினைவிருக்கும்போதே, அடுத்த வசந்தத்தில் போக வேண்டிய தண்டுகளில் வண்ண நாடா கட்டிவிடுங்கள். நாடாவைப் பனிமட்டத்துக்கு மேலே கட்டினால் மார்ச் கடைசியில் மேல்பாதியை வெட்டியெடுத்து, அடியைப் பிறகு முடிக்கலாம். நாடா கட்டத் தவறினால் நிறத்தைப் பாருங்கள். ஓராண்டுத் தண்டு வெளிர்பழுப்பு, வழவழப்பு. ஈராண்டுத் தண்டு சாம்பல். அதற்கு மேற்பட்டது கறுத்து, பட்டை உரிந்து, முடிச்சு முடிச்சாகக் காய்ப்புக்கிளை நிறைந்திருக்கும்.

இலையுதிர்காலத்தில் மட்டும் வெட்டாதீர்கள். குளிர்காலத்தில் எத்தனை தண்டு பிழைக்கும் என்று தெரியாதபோது ஒன்பதாகக் குறைத்துவிட்டு, வசந்தத்தில் நான்கை எண்ணிக்கொண்டு நிற்க நேரும்.

குளிர்காலப் பாதுகாப்பு

வேர் தண்டைப்போல் குளிரைத் தாங்காது. அதைக் காப்பது பனிதான். அரை மீட்டர் மென்பனிக்கு அடியில், காற்றில் மைனஸ் 40 இருக்கும்போதும், மண்மேற்பரப்பு பெரும்பாலும் மைனஸ் 10-ஐச் சுற்றியே இருக்கும். மிதிபட்ட பனிக்கு இந்த ஆற்றல் இல்லை. செடியோரம் நடைபாதையோ, நாய் ஓடும் வழியோ இருந்தால் அந்தப் பக்கத்து வேர் சாகும். பாதையைச் செடியிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போடவும். நவம்பர் தொடங்கியும் பனி விழாமல் மைனஸ் 20-க்கு இறங்கும் ஆண்டுகளில் மட்டும் 25 சென்டிமீட்டர் வைக்கோலை அடியில் பரப்பவும். ஆண்டுதோறும் இதைச் செய்தால் எலிகளுக்கு மெத்தை போட்டுக் கொடுத்ததாகும்.

வயல் எலி பனிக்கடியில் சுரங்கம் வெட்டி வந்து பட்டையைத் தின்னும். சுற்றிலும் பனியை மிதித்து அதைத் தடுக்கச் சொல்பவர்கள் உண்டு. எலி தடுபடும், வேர் உறையும், ஆகவே நாங்கள் அதை ஏற்கவில்லை. 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள இரும்புவலையைப் புதரின் அடியைச் சுற்றி வளையமாக, மண்ணுக்குள் 5 சென்டிமீட்டர் இறக்கி, மேலே 60 சென்டிமீட்டர் நிற்கும்படி வைப்பதே வழி. முயல் நிறைந்த ஆண்டுகளில் அது பனியின்மேல் ஏறி நின்று கடிக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு வலை பனிமட்டத்துக்கு மேலும் 60 சென்டிமீட்டர் எழ வேண்டும்.

மூஸ் மான் வேறு கதை. பிப்ரவரிப் பசியில் ஒரே இரவில் ஒரு வரிசையையே முழங்கால் உயரத்துக்கு மேய்ந்துவிடும். அது தின்பது ஓராண்டு, ஈராண்டுத் தண்டுகளை, அதாவது அடுத்த இரண்டு கோடையின் பழத்தை. மணியும் மணமும் சோப்பும் நிரந்தரமாக வேலை செய்வதில்லை. 2.4 மீட்டர் உயர வேலி ஒன்றே தீர்வு. இலை கொட்டியதும் தண்டுகளைச் சணல் கயிற்றால் தளர்வாகச் சேர்த்துக் கட்டினால் பனிப்பாரத்தில் விரிந்து முறியாமலும் இருக்கும்.

பூச்சி

வடக்கே நோய் குறைவு. சாம்பல் நோய் நெருக்கமான, தழைச்சத்து மிகுந்த புதரில் வரும், கவாத்தே மருந்து. இலையில் சிவந்த கொப்புளம் எழுந்தால் அடிப்பக்கம் அசுவினி இருக்கும். பார்க்க விகாரம், விளைச்சலுக்குப் பெரிய கேடில்லை, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும்.

ரம்பப்பூச்சி அப்படியல்ல. இலை விரியும்போதே வந்து, புதரின் நடுவில், அடியிலைகளின் கீழ்ப்பக்க நரம்போரம் வெள்ளை முட்டைகளை வரிசையாக இடும். கறுப்புப் புள்ளியிட்ட பச்சைப்புழுக்கள் உள்ளேயிருந்து வெளிப்பக்கம் தின்றுகொண்டு வருவதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும்போது பாதி இலை போயிருக்கும். ஒரு வாரத்தில் செடி மொட்டை. இலையிழந்த செடியால் குளிர்காலத்துக்கு வேண்டிய மாவுச்சத்தைச் சேர்க்க முடியாது. அடுத்த மே மாதத்தில் "குளிரில் செத்தது" என்று சொல்லப்படும் செடிகளில் சில, உண்மையில் முந்தைய ஜூனிலேயே தோற்றவை. மே கடைசியிலிருந்து மூன்று நாளுக்கொருமுறை நடுவிலைகளைப் புரட்டிப் பாருங்கள். குண்டூசித் துளை கண்ட இலையைக் கிள்ளிச் சோப்பு நீரில் போடவும். மிஞ்சினால் ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்தை, பூ உதிர்ந்தபின், தேனீ அடங்கிய மாலையில், இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவும். பி.டி. (பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா) மருந்தை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். அது பட்டாம்பூச்சி இனப் புழுக்களுக்கானது, ரம்பப்பூச்சி குளவி இனத்தைச் சேர்ந்தது.

பச்சைக்காயில் கறும்புள்ளி விழுந்து, அது மட்டும் முன்கூட்டியே சிவந்து உதிர்ந்தால் கரன்ட் பழ ஈ. உள்ளே வெண்புழு இருக்கும். உதிர்ந்த காயை அன்றன்றே பொறுக்கி அழிக்காவிட்டால் புழு மண்ணிறங்கி அடுத்த ஆண்டு எழும். காய் பிடித்ததும் நுண்கண் வலையால் முழுச்செடியையும் மூடலாம், அதே வலை ராபின் பறவைகளையும் தடுக்கும்.

அறுவடையும் அடுத்த தலைமுறையும்

பழம் சிவந்த அன்றே பறித்தால் பல் கூசும். வேலியும் வலையும் இருந்தால் ஒன்று, இரண்டு வாரம் செடியிலேயே விடுங்கள், இனிப்பு ஏறும். ஜெல்லிக்கு மட்டும் சரத்தின் நுனிப்பழம் சற்றுப் பச்சையாக இருக்கும்போதே பறிக்கவும். அப்போதுதான் ஜெல்லியை உறையவைக்கும் பெக்டின் பழத்தில் மிகுதி, தனியாகப் பெக்டின் சேர்க்காமலே உறையும். பழத்தைத் தனித்தனியாகப் பிடித்து இழுத்தால் தோல் கிழியும். சரத்தின் காம்பைக் கிள்ளி எடுக்கவும். சேமிக்க, சரங்களைக் கழுவாமல் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் போட்டுக் குலுக்கினால் பழம் தானே காம்பிலிருந்து உதிரும். நன்கு நிலைத்த செடி 3 கிலோ தரும், பனி தாக்காத ஆண்டில் அதற்கு மேலும்.

ஒரு தோட்டத்தில் ஐந்தாறு குளிர்காலம் நுனிகூடக் கருகாமல் நின்ற செடி கிடைத்தால், கடையில் புதிதாக வாங்குவதைவிட அதிலிருந்து பெருக்குவதே மேல். இலை கொட்டியபின், செப்டம்பர் கடைசியில், பென்சில் தடிமனுள்ள ஓராண்டுத் தண்டை 20 முதல் 25 சென்டிமீட்டர்க் குச்சிகளாக வெட்டவும். அடியை மொட்டுக்குக் கீழே நேராகவும் நுனியைச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் பிழை வராது. பத்துப் பத்தாகக் கட்டி, ஈரமணல் நிரப்பிய பெட்டியில் புதைத்து, நிலவறையில் உறைநிலைக்குச் சற்றுமேல் வைக்கவும். நிலவறை இல்லாவிட்டால் பெட்டியை வீட்டின் வடபக்கம் தரையில் புதைத்து மேலே பனியைக் குவித்துவிடலாம், எலிவலை சுற்றியிருந்தால். மே நடுவில், மண் கைவிரலுக்கு இளகியதும், மேட்டுப்பாத்தியில் இரண்டு மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றி, ஜூன் முழுக்க ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளவும். அந்தக் கோடையில் அவை ஒரு சாண் வளரும். முதல் குளிர்காலத்தை நாற்றங்காலிலேயே பனிக்கடியில் கழிக்க விட்டு, அடுத்த மே கடைசியில் நிலைத்த இடத்துக்கு மாற்றலாம்.